பதினைந்து மார், ஏழு மார்

முக்கோணத்துக்கு இத்தனை பெயர் வைத்தவனை என்றைக்காவது நேரில் பார்த்தால் நாலு கேள்வி கேட்பேன். மூன்று பக்கமும் சமமென்றால் சமபக்க முக்கோணம். இரண்டு மட்டும் சமமென்றால் இருசமபக்கம். எதுவுமே ஒத்துவரவில்லையென்றால் அசமபக்கம். அதோடு விட்டானா? கோணத்தை வைத்து இன்னொரு பந்தி: குறுங்கோணம், செங்கோணம், விரிகோணம். எங்கள் காலனிப் பிள்ளைகள் இதைக் கோரஸாகச் சொல்ல ஆரம்பித்தால் மழைக்காலத் தவளைகள் தோற்றுவிடும். சாயங்காலம் சமுதாயக் கூடத்தில் அவர்களை உட்கார வைத்துப் பாடம் சொல்லித்தருவது என் வேலை. கோட்டைக்குப்பத்துக்குத் தெற்கே உள்ள இந்த இருளர் காலனியில் பன்னிரண்டாவது முடித்தவள் நான் ஒருத்திதான் என்பதால், "ஜமுனா இருக்குது இல்ல" என்று எல்லோரும் சேர்ந்து அதை என் தலையில் கட்டிவிட்டார்கள்.

என் அண்ணன் மனைவி ராஜாத்தி அந்த வகுப்புக்குத் தினமும் வருவாள். கடைசி வரிசையில், சுவரோரமாக உட்காருவாள். எங்கள் பெண்களுக்கு வலை கிடையாது. மீன் போடும் ஓலைக்கூடையான பறியின் விளிம்பைப் பல்லில் கடித்துக்கொண்டு, பழவேற்காட்டு ஏரியில் கழுத்தளவு தண்ணீரில் குனிந்து, அடிச் சேற்றைக் கையால் தடவித் தடவித்தான் இறால் பிடிப்பார்கள். பகலெல்லாம் அப்படிக் கிடந்த உடம்பு வீட்டில் போய் விழத்தான் பார்க்கும். அண்ணி மட்டும் ஈரத் தலையோடு இங்கே வந்துவிடுவாள். ஏன் வருகிறாய் என்று யாரும் கேட்பதில்லை. அவள் மகள் பூவிழி இருந்திருந்தால் இந்த வருஷம் ஆறாவது படிப்பாள். ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் கணக்குப் புத்தகத்தைத் திறக்கும்போது அண்ணியும் எட்டிப் பார்ப்பாள்.

பூவிழி மூன்று வருஷத்துக்கு முன்னால், அடைமழையில், காய்ச்சலில் போனாள். ரோட்டின் மேல் இடுப்பளவு தண்ணீர் ஓடியது. வண்டி எதுவும் வரவில்லை. அண்ணன் கருப்பன் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு பொன்னேரிக்கு நடந்தே கிளம்பினான். பாதி வழியில் திரும்பி வந்தான். இதற்கு மேல் அதைச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

எங்கள் ஆட்கள் புதைத்த இடத்தில் கல் நடுவதில்லை. மண்ணைக் குவித்து வைப்போம், அடுத்த மழையில் அது கரைந்து தரையோடு தரையாகிவிடும். இடம் தெரியாமல் போய்விடும் என்று நினைக்காதீர்கள். இடுகாட்டின் நாலு மூலையிலும் நாலு கல் இருக்கிறது. ஒரு கல்லுக்கும் அடுத்த கல்லுக்கும் இருபது மார். இரண்டு கையையும் விரித்தால் இந்த விரல் நுனியிலிருந்து அந்த விரல் நுனி வரை ஒரு மார். மாருக்கு ஒரு முடிச்சுப் போட்ட நைலான் கயிறு ஒன்று காலனிக்குப் பொதுவாக உண்டு. அது பெரியவர் திருவேங்கடம் வீட்டு இறவாணத்தில், கூரை ஓரத்துக்கு அடியில் தொங்கும். ஒருவரைப் புதைத்ததும், பக்கத்தில் உள்ள இரண்டு கல்லிலிருந்தும் கயிறு பிடித்து அளப்பார்கள். அந்த இரண்டு அளவையும் வீட்டில் உள்ள எல்லோரும் மனப்பாடமாக வைத்திருப்பார்கள்.

பூவிழிக்குத் தென்மேற்கு மூலையில் உள்ள பனைக் கல்லிலிருந்து பதினைந்து மார், வடமேற்கு மூலையில் உள்ள வடக்குக் கல்லிலிருந்து ஏழு மார். அமாவாசைதோறும் நாங்கள் மூன்று பேரும் போவோம். பனைக் கல்லில் அண்ணன் கயிற்றின் முனையை வைத்துக்கொண்டு நிற்பான். வடக்குக் கல்லில் நான் இருபத்திரண்டாவது முடிச்சை வைத்துக்கொண்டு நிற்பேன். அண்ணி பதினைந்தாவது முடிச்சைப் பிடித்தபடி உள்ளே நடப்பாள். இரண்டு பக்கமும் கயிறு விறைத்துக்கொள்ளும் இடத்தில் உட்கார்ந்து, அகல் ஏற்றி, பன்னும் பாலும் வைத்து, மகளோடு பேச ஆரம்பிப்பாள். பக்கத்து வீட்டு ஆடு குட்டி போட்டதிலிருந்து எல்லாம் சொல்லுவாள். சில நாள் திட்டவும் செய்வாள். அந்த அரை மணி நேரத்துக்காகத்தான் அண்ணி மாதம் முழுக்க உயிரோடு இருக்கிறாள் என்று எனக்குத் தோன்றும்.

பிள்ளை போன மறு வருஷம் இடுகாட்டுக்கு மேற்கே ஒரு இறால் பண்ணை வந்தது. முதலாளி யாரென்று இன்றுவரை எங்களில் ஒருவரும் பார்த்ததில்லை. குளம் வெட்ட வந்த மிஷின் எங்கள் இடத்தில் மண்டிக் கிடந்த வேலிக்காத்தான் முள்ளையும் சேர்த்து வழித்துப் போட்டது. கேட்காமலே செய்த உதவி! முள் இருந்தவரை எந்தப் புதர் எங்கே என்று கண்ணுக்குத் தெரியும். அது போனதும் எல்லாம் ஒரே வெட்டவெளியாகிவிட்டது. அப்புறம் மழை வந்து, வெள்ளம் நின்று, வண்டல் படிந்தது. தண்ணீர் வடிந்த பிறகு பண்ணையிலிருந்து ஆள் வந்தார்கள். "ரெண்டு கல்லு மழைல சாஞ்சிடுச்சி. நாங்களே தூக்கி நட்டுட்டோம். எதுக்கும் வந்து அளந்து பாத்துக்கோங்க" என்றார்கள்.

நான் அப்போது மீஞ்சூரில் ஒரு கம்பெனியில் பாக்கெட் ஒட்டிக்கொண்டிருந்தேன். திருவேங்கடம் மாமா கயிற்றைத் தோளில் மாட்டிக்கொண்டு, காலனி ஆண்களைக் கூட்டிக்கொண்டு போனாராம். நாலு பக்கமும் அளந்தார்களாம். எல்லாம் இருபது மார், ஒரு முடிச்சு கூடவும் இல்லை, குறையவும் இல்லை. எங்கள் ஆட்களுக்கு அந்தக் கயிற்றின் மேல் இருக்கிற நம்பிக்கை சாமி மேல்கூடக் கிடையாது. வருஷா வருஷம் மாசி மகத்துக்கு மகாபலிபுரம் கிளம்புவதற்கு முன்னால் இடுகாட்டைச் சுத்தம் செய்து, நாலு ஓரமும் கயிறு போட்டுப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புவார்கள். கயிறு சரி என்றால் சரி. பண்ணைக்காரர்கள் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார்களாம். குடித்துவிட்டு வந்தார்கள்.

போன மாதம் வகுப்பில் நாற்கரங்கள் நடத்தினேன். சதுரத்துக்கு நாலு பக்கமும் சமம், நாலு மூலையும் செங்கோணம். சாய்சதுரத்துக்கு நாலு பக்கமும் சமம், மூலை மட்டும் செங்கோணம் இல்லை. பிள்ளைகள் கடகடவென்று எழுதிக்கொண்டார்கள். பின்னாலிருந்து அண்ணி வாயைத் திறந்தாள். அவள் வகுப்பில் பேசியதே அன்றைக்குத்தான்.

"நாலு பக்கமும் ஒண்ணுன்னா அது ஒரே மாதிரிதான கீது? இன்னாத்துக்கு ரெண்டு பேரு?"

நல்ல கேள்வி என்று எனக்குக் குஷியாகிவிட்டது. விளக்குமாற்றிலிருந்து நாலு குச்சி உருவி, ஒரே அளவாக ஒடித்து, மூலைகளை நூலால் லேசாகக் கட்டி அவள் கையில் கொடுத்தேன். தரையில் வைத்துக் கீழ்க் குச்சியை அழுத்திப் பிடித்துக்கொண்டு மேல் குச்சியை ஒரு பக்கமாகத் தள்ளச் சொன்னேன். தள்ளினாள். சதுரம் சாய்ந்தது. திரும்ப நிமிர்த்தினாள். மறுபடி தள்ளினாள். பிள்ளைகள் சிரித்தார்கள்.

"குச்சி மாறலியே, ஜமுனா."

"குச்சி மாறாது அண்ணி. மூலதான் மாறும். ரெண்டு மூல விரியும், ரெண்டு மூல குறுகிடும். சாயச் சாய உள்ள இருக்கற எடமும் கொறஞ்சிகினே போவும்."

அண்ணி சதுரத்தை நிமிர்த்தி வைத்தாள். பிள்ளைகள் விளையாடிய புளியங்கொட்டை ஒன்று தரையில் கிடந்தது. அதை எடுத்து, சதுரத்துக்கு உள்ளே, இடது பக்க ஓரமாக வைத்தாள். மெதுவாக மேல் குச்சியை வலது பக்கம் தள்ளினாள். இடது குச்சி கொட்டையின் மேல் ஏறித் தாண்டிப் போனது.

"கொட்ட வெளிய பூடுச்சே."

"கொட்ட எங்கியும் போவல அண்ணி, வெச்ச எடத்துலதான் கீது. குச்சிதான் அத்தத் தாண்டிப் போச்சு." டீச்சர் தோரணையில் பிள்ளைகளைப் பார்த்துத்தான் அதைச் சொன்னேன். சொல்லி முடித்துத் திரும்பியபோது அண்ணியின் முகம் வெளுத்திருந்தது.

"நம்ம கயிறு குச்சியத்தான அளந்திச்சு?" என்றாள்.

"அதெல்லாம் ஒண்ணும் இருக்காது, நீ வேற" என்று சொன்னேன். வகுப்பை அத்தோடு விட்டுவிட்டேன். அன்றைக்கு இரவு அண்ணி சாப்பிடவில்லை என்று அண்ணன் சொன்னான்.

விடிந்ததும் மூன்று பேரும் கயிற்றை எடுத்துக்கொண்டு இடுகாட்டுக்குப் போனோம். திருவேங்கடம் மாமாவும் கூடவே வந்தார். சதுரமாக இருந்தால் மூலைக்கு மூலை குறுக்கே பிடிக்கிற இரண்டு அளவும் ஒன்றாக இருக்கவேண்டும். சாய்சதுரமாக இருந்தால் ஒன்று நீண்டுவிடும், ஒன்று குறுகிவிடும். முதலில் பனைக் கல்லிலிருந்து எதிர் மூலைக்குப் பிடித்தோம். அடுத்து, தென்கிழக்கே கைப்பம்பு பக்கத்துக் கல்லிலிருந்து வடக்குக் கல்லுக்குப் பிடித்தோம். ஒன்று நீளம், ஒன்று கட்டை. எத்தனை முடிச்சு வித்தியாசம் என்று மாமா எண்ணப் போனார். நான் வேண்டாம் என்று கயிற்றைப் பிடுங்கிக்கொண்டேன். வெறும் கண்ணாலேயே தெரிந்தது.

"கயிறு சரியாத்தான இருந்திச்சு, நாலு பக்கமும் சரியாத்தான இருந்திச்சு" என்று மாமா திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் சொன்னதில் ஒரு பொய்யும் இல்லை. அதை நினைத்தால்தான் எனக்கு இப்போதும் எரிகிறது. தெற்கே உள்ள இரண்டு கல்லும் பழைய இடத்திலேயே நின்றன. வடக்கே உள்ள இரண்டையும் கிழக்கே தள்ளி, பக்க அளவு கெடாமல் நட்டிருந்தார்கள். கிழக்கே எங்களுக்கு விட்டது மழைக்காலத்தில் முழங்கால் புதைகிற உப்புச் சேறு. மேற்கே அவர்கள் எடுத்துக்கொண்டது எங்கள் பிள்ளை இருந்த பக்கம்.

பழைய கல் எங்கே நின்றிருக்கும்? கயிற்றில் மூன்று மார், நாலு மார், ஐந்து மார் எடுத்து, பனைக் கல்லில் ஒரு செங்கோண முக்கோணம் போட்டேன். ஒரு பக்கத்தைத் தெற்கு ஓரத்தோடு ஒட்டி வைத்தேன். இன்னொரு பக்கம் பண்ணைக் குளத்துக்கு மேலாகக் கைகாட்டியது. அந்தத் திசையில் தூரத்தில் செல்போன் டவர் நின்றது.

அண்ணன் அதைப் பார்த்ததும் அப்படியே குத்த வைத்து உட்கார்ந்துவிட்டான். "அன்னிக்கும் இங்கேர்ந்து பாத்தா வடக்குக் கல்லுக்கு நேரா டவருதான் நின்னுச்சு. மழை இருட்டுல ஒண்ணும் தெரியல, அந்தச் செவப்பு லைட்டு மட்டும்தான் தெரிஞ்சிச்சு. அத்தப் பாத்துக்கினுதான் பாப்பாவ எறக்குனேன்" என்றான். இப்போதுள்ள வடக்குக் கல் டவரை விட்டு எங்கேயோ வலது பக்கம் விலகி நின்றுகொண்டிருந்தது. இரண்டு வருஷமாக அமாவாசைக்கு அமாவாசை அவன் இங்கே வந்து நின்றிருக்கிறான். டவரைப் பார்க்கவேண்டும் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை, கயிற்றைத்தான் பார்த்திருக்கிறான். நாங்கள் எல்லோருமே கயிற்றைத்தான் பார்த்தோம்.

பதினைந்து, ஏழு, கல்லுக்குக் கல் இருபது. மூன்று பக்கமும் வேறு, ஒரு மூலை விரிந்தது. அசமபக்க விரிகோண முக்கோணம். கல்லை நகர்த்தியும் அந்த முக்கோணம் கொஞ்சமும் மாறவில்லை. ஒரு கதவு கீலில் திரும்புகிற மாதிரி, பனைக் கல்லைச் சுற்றி மொத்தமாகத் திரும்பியிருந்தது. பூவிழி மட்டும் அதோடு திரும்பவில்லை.

அண்ணி எங்களை விட்டு விலகி, இத்தனை நாள் அகல் ஏற்றிய இடத்துக்குப் போய் நின்றாள். எரிந்த திரிகளும் பன் சுற்றிய காகிதங்களும் மண்ணில் பாதி புதைந்து கிடந்தன.

"அப்ப இங்க யாரு கீறாங்க?"

"யாருமில்ல" என்றார் மாமா. "அந்தப் பக்கம் யாரையும் வெச்சதில்ல."

"அப்ப ரெண்டு வருசமா நான் யாருகிட்டடி பேசினு இருந்தேன், ஜமுனா?"

அவளே சொன்னாள்: "நான் வரவேயில்லன்னு நெனச்சிருப்பா. மறந்துட்டன்னு நெனச்சிருப்பா." அப்புறம் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பிள்ளை செத்த அன்றைக்குக்கூட அவள் அப்படி அழுததில்லை.

மாமா தாலுகா ஆபீசுக்குப் போகலாம் என்றார். போய்க்கொண்டுதான் இருக்கிறோம், அது நடக்கிற வேகத்தில் நடக்கட்டும். அண்ணிக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை. அவள் கேட்டது ஒன்றே ஒன்று. "எனுக்கு எடத்தக் காட்டு."

பண்ணைக்குக் காவல் இருக்கிற தேசப்பன் கோட்டைக்குப்பத்துக்காரன். நாங்கள் கரை ஏறுவதைப் பார்த்துத் தடியோடு ஓடிவந்தான். என்ன விஷயம் என்று அண்ணன் சொன்னதும் தடியைக் கீழே போட்டுவிட்டான். "கல்ல வெக்கச் சொன்ன எடத்துல வெச்சேன் அண்ணே. சத்தியமா எனுக்கு வேற ஒண்ணும் தெரியாது" என்றான். அவன் முகத்தைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. குளத்தில் காற்றடிக்கிற சக்கரங்கள் சுற்றிக்கொண்டிருந்தன. யாரும் கேட்காமலே போய் அதை நிறுத்திவிட்டு வந்து, தள்ளிப் போய் நின்றுகொண்டான். குளம் அசையாமல் நின்றது.

"மிஷினு பாப்பாவத் தோண்டிப் போட்டிருக்குமா?" என்று அண்ணி கேட்டாள்.

"இல்ல. நான் நெஞ்சு மட்டும் ஆழத்துல நின்னு குழி வெட்டுனேன். இவங்க முழங்கால் ஆழந்தான் சொரண்டி, சுத்தியும் கரைய ஒசத்தியிருக்காங்க. கீழதான் கீறா" என்றான் அண்ணன். அண்ணி அதைக் கேட்டுத் தலையை ஆட்டினாள்.

பனைக் கல்லில் அண்ணன் நின்றான். டவருக்கு நேராகக் கயிற்றைத் தண்ணீருக்கு மேலே விறைப்பாகப் பிடித்தபடி நான் கரையைச் சுற்றிப் போனேன். இருபதாவது முடிச்சு குளத்தின் வடக்குக் கரை மேல் வந்து விழுந்தது. பழைய கல் நின்ற இடம் அதுதான். அங்கே நின்று இருபத்திரண்டாவது முடிச்சைக் காலடியில் வைத்து இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டேன். கயிறு தளர்ந்தது. அண்ணி பதினைந்தாவது முடிச்சைப் பிடித்துக்கொண்டு, புடவையோடு குளத்தில் இறங்கினாள்.

அடியெடுத்து வைக்க வைக்கத் தண்ணீர் இடுப்புக்கு வந்தது, நெஞ்சுக்கு வந்தது. அந்தக் கைகள் பழக்கதோஷத்தில் அடிச் சேற்றைத் தடவிவிடுமோ என்று எனக்குப் பயமாக இருந்தது. அவள் தடவவில்லை. கயிற்றை மட்டும் பார்த்துக்கொண்டு நடந்தாள். அண்ணன் பக்கம் கயிறு விறைத்தது. ஓரடி இந்தப் பக்கம் நகர்ந்தாள். என் பக்கமும் விறைத்தது. நின்றுவிட்டாள்.

"இங்கியா, ஜமுனா?"

"அங்கதான் அண்ணி."

"நேரா கீழவா?"

"நேரா கீழ."

அவள் தண்ணீரைக் குனிந்து பார்த்தாள். அடுத்த நொடி நெருப்பை மிதித்தவள் போல இரண்டு காலையும் மேலே இழுத்துக்கொண்டாள். "ஐயோ, புள்ள மேல நிக்கறன்டி!" என்று அலறினாள். தலை ஒரு தடவை உள்ளே போய் வெளியே வந்தது. அண்ணன் பதறிப்போய்க் கயிற்றை இழுக்கப் போனான்.

"இழுக்காத! இழுத்தா எடம் மாறிடும்!"

அண்ணன் அப்படியே நின்றான். நானும் என் முடிச்சை விடாமல் நின்றேன். அண்ணி முழங்காலை வயிற்றோடு சேர்த்து மடக்கிக்கொண்டு, ஒரு கையால் முடிச்சைப் பிடித்து, மறு கையால் தண்ணீரை மெல்லத் தள்ளித் தள்ளி அந்த இடத்திலேயே மிதந்தாள். கால் கீழே இறங்கும்போதெல்லாம் மறுபடி மேலே இழுத்துக்கொண்டாள். மூச்சு வாங்கியது. அப்புறம் முகத்தைத் தண்ணீருக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பேச ஆரம்பித்தாள்.

"கண்ணு, அம்மா வந்துட்டன்டி. நான் வராம இல்ல. வேற எடத்துல நின்னு உன்னக் கூப்ட்டுகினு இருந்தேன்."